பழைய ஹைப்ரிட் சைக்கிளுக்கு எந்த முன் ஃபோர்க் பொருந்தும்?

பெருந்துறையிலிருந்து கேட்டிருக்கீங்க. பன்னிரண்டு வருசமான ஹைப்ரிட் சைக்கிள், 700×38 டயர், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி பிரேக், முன்னால் 63 மில்லிமீட்டர் அமுங்குகிற ஷாக் ஃபோர்க். அது இப்போது பாதி இறங்கின நிலையில் இறுகிக் கிடக்கிறது, வேகத்தடை ஏறி இறங்கினால் கையில் ‘டொக்’கென்று அடிக்கிறது. கடையில் “27.5 ஃபோர்க் ஒண்ணு இருக்குதுங்க, மாட்டிரலாம், பிரேக்குக்கு ரெண்டு பக்கமும் வெல்டு வெச்சுக்கலாம்” என்றிருக்கிறார்கள். தினமும் சிப்காட் வரை வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை ஏற்றம். எந்தக் கம்பெனி ஃபோர்க் வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கீங்க.

கம்பெனி பேர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விசயம். உங்க கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஃப்ரேமில் எந்த ஃபோர்க் உட்காரும்? உட்கார்கிறவற்றில் மறுபடியும் ஷாக் வேண்டுமா, ஸ்பிரிங்கு இல்லாத சாதா ஃபோர்க் போதுமா? முதல் கேள்விக்கு வெர்னியரும் ஸ்கேலும் பதில் சொல்லிவிடும், அதில் வாதமே இல்லை. இரண்டாவதில் என் கருத்தைச் சொல்கிறேன், அது கருத்துதான். நான் கோயமுத்தூரில் கணபதி பக்கம் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு கியர் சைக்கிள் சர்வீஸுக்கு வந்தவன். அதனால் எதையும் அளந்துவிட்டுப் பேசுவதுதான் பழக்கம், பொறுத்துக்குங்க.

வாங்குவதற்கு முன்னால், அந்த ‘டொக்’ எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. இன்னொரு கையின் விரலை ஹேண்டில் குழாயின் (ஃப்ரேமின் முன்முனையில் ஃபோர்க் தண்டு நுழையும் குழாய்) கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் வையுங்க. அங்கே ஆட்டம் விரலில் தெரிந்தால் குற்றம் ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கில், ஃபோர்க்கில் இல்லை. பால்ஸும் கிரீஸும் மாற்றினால் சரியாகிவிடும். விரலை இறக்கி, குரோம் குழாய் அடிக்குழாய்க்குள் நுழையும் இடத்தில் வைத்துப் பாருங்க. அங்கே ஆடினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. வி பிரேக்கின் கைகளே லேசாக ஆடி ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் சக்கரத்தைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி வைத்து ஒருமுறை ஆட்டுங்க. ஹெட்செட் ஆட்டம் அப்போதும் தெரியும், ஃபோர்க் கால்களின் ஆட்டம் தெரியாது.

இறுகிப்போனதற்கு மட்டும் ஃபோர்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இந்த வகை ஃபோர்க்குகளில் காலுக்கு அடியில் ஒவ்வொரு போல்ட் இருக்கும். இரண்டையும் கழற்றினால் அடிப்பாகம் கையோடு உருவி வந்துவிடும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கு, ஒரு ரப்பர் உருளை, சோப்பு மாதிரி காய்ந்துபோன கிரீஸ், அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, குரோம் குழாயில் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்க. நகம் எங்கும் தட்டாமல் போனால் புது கிரீஸ் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். துருப்பள்ளத்தில் நகம் சிக்கினால் அந்தக் குழாய் எந்தப் புஷ்ஷையும் அரம் போல அராவிவிடும், அப்போது மாற்றத்தான் வேண்டும். பன்னிரண்டு வருசம், கழுவாமல் மழையில் ஓடிய வண்டி என்றால் நகம் சிக்கும் என்றுதான் நினைக்கிறேன். இது ஊகம்தான்.

ஃப்ரேமையும் ஒருதரம் பார்த்துவிடுங்க. ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் பெயிண்டு சுருங்கியோ, விரலுக்கு மேடு தட்டியோ இருந்தால் எப்போதோ முன்னால் பலமாக மோதியிருக்கிறது. அந்த ஃப்ரேமுக்குப் புது ஃபோர்க் வாங்குவது வீண். இதைப் போட்டோவில் பார்த்து யாரும் சொல்ல முடியாது, நீங்கதான் தடவிப் பார்க்கணும்.

இப்போது அளவுகள். முதலாவது ஸ்டீரர், அதாவது ஹேண்டில் குழாய்க்குள் போகும் தண்டு. ஹேண்டில் கம்பியைப் பிடிக்கும் ஸ்டெம் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டால் தண்டைக் கவ்விப் பிடித்து, தலையில் ஒரு மூடியும் எல் கீ போல்ட்டும் இருந்தால் உங்களுடையது மரையில்லாத தண்டு. ஹேண்டில் குழாய்க்கு மேலே பெரிய நட்டு தெரிந்து, ஸ்டெம் தண்டுக்குள் இறங்கியிருந்தால் மரை போட்ட தண்டு. பன்னிரண்டு வருச ஹைப்ரிடில் இரண்டுமே பார்த்திருக்கிறேன். மரையில்லாதது என்றால் ஸ்டெம்மைக் கழற்றி வெர்னியர் வையுங்க. 28.6 மில்லி காட்டினால் அது ஒன்றே அரைக்கால் (1⅛) இஞ்சு நேர்த் தண்டு. இந்த அளவுதான் சந்தையில் அதிகம் கிடைக்கும். மரை போட்டதில் மேல் நட்டுக்கு 36 ஸ்பேனர் போனால் இதே அளவு. 32 ஸ்பேனர் போனால் தண்டு ஒரு இஞ்சு, 25.4 மில்லி. சாதா சைக்கிளில் இருப்பதும் இந்த ஒரு இஞ்சு தண்டுதான். அதற்கு ஷாக் ஃபோர்க் தேடுவது சிரமம், சாதா ஃபோர்க் கிடைக்கும்.

இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் டேப்பர் தண்டு, மேலே ஒல்லியாகவும் கீழே ஒன்றரை இஞ்சாகவும் இருக்கும். பழைய ஃப்ரேமின் நேர்க் குழாய்க்குள் அது நுழையவே நுழையாது. ஆஃபரில் பாதி விலைக்கு வந்தாலும் அதைத் தொடாதீங்க. மரைத் தண்டிலிருந்து மரையில்லாத தண்டுக்கு மாறுவது மட்டும் முடியும், 28.6 அளவாக இருந்தால். ஆனால் ஹெட்செட்டும் ஸ்டெம்மும் சேர்ந்தே மாறணும், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்க.

தண்டின் நீளம் அடுத்தது. ஹேண்டில் குழாயின் நீளம், மேலும் கீழும் கப்புகளின் உயரம், இடையில் போட்டிருக்கும் வாஷர் வளையங்கள், ஸ்டெம்மின் உயரம், எல்லாவற்றையும் கூட்டி மூன்று மில்லி கழித்தால் வருவது உங்களுக்கு வேண்டிய நீளம். புது ஃபோர்க் இதைவிட நீளமாகத்தான் வரும், ஹாக்சாவில் அறுத்துக்கொள்ளலாம். பழைய ஃபோர்க் வாங்கினால் முதல் சொந்தக்காரர் தன் வண்டிக்கு அறுத்திருப்பார், அதைத்தான் முதலில் கேட்கணும். நீளம் அதிகமானால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். குறைந்தால் வழியே இல்லை.

சக்கர அளவில் நம்மூர்க் கடைகளில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். 700 சி டயரின் ஓரத்தில் 28 என்றும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 28 இஞ்சு சாதா சைக்கிளின் ஃபோர்க்கை எடுத்து நீட்டுவார்கள். டயர் ஓரத்திலேயே பொடி எழுத்தில் 38-622 போல இன்னொரு எண் இருக்கும், அதை நம்புங்க. 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். சாதா சைக்கிளில் அது 635. பதிமூன்று மில்லி வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் அந்த ஃபோர்க்கில் வி பிரேக்கின் கைகளை மாட்டும் குமிழே கிடையாது. 29 இஞ்சு எம்டிபி (மலைச் சைக்கிள்) சக்கரமும் இதே 622தான் என்பதால் 29 ஃபோர்க்கில் உங்க சக்கரம் தாராளமாகச் சுற்றும். அதில் இடிப்பது உயரம், அதற்கு வருகிறேன்.

கடைக்காரர் சொன்ன 27.5 இஞ்சு சக்கர ஃபோர்க் விசயத்தில் அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. 27.5 ரிம்மின் விட்டம் 584, ஆனால் அதன் டயர் தடிமன். 2.1 இஞ்சு டயரோடு அந்தச் சக்கரம் 690 மில்லி வரும், உங்க 700×38 சக்கரம் 698. அதனால் ஃபோர்க்குக்குள் உங்க சக்கரம் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் மேலே இடிக்குமா என்பது ஃபோர்க்குக்கு ஃபோர்க் மாறும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அடிவரை அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். பிரேக்குதான் தகராறு. 584 ரிம்முக்கென்று வைத்த குமிழ், உங்க ரிம்முக்கு வேண்டிய இடத்துக்கு 19 மில்லி கீழே நிற்கும். வி பிரேக்கில் கட்டையை மேலே ஏற்றிக் கட்ட இருக்கும் இடம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். மீதி தூரத்துக்கு என்ன செய்வது? அதனால்தான் அவர் வெல்டு என்கிறார். டிஸ்க் மட்டும் போடுகிற ஃபோர்க் என்றால் குமிழே இருக்காது, அப்போதும் வெல்டுதான் அவருக்கு வழி.

அதைச் செய்யாதீங்க. ஷாக் ஃபோர்க்கின் அடிக்கால் பெரும்பாலும் மக்னீசியம் அல்லது அலுமினிய வார்ப்பு. பவுண்டரி வேலை தெரிந்த யாரையும் கேளுங்க, அந்த உலோகத்தில் இரும்புக் குமிழை ஒட்டவைக்க முடியாது என்பார்கள். மக்னீசியம் என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இரும்புக் கால் உள்ள மலிவு ஃபோர்க்காகவே இருந்தாலும், வெல்டு சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ் உருகும், கால் கோணும். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு முன்னால் சாய்கிறது. சென்னிமலையிலிருந்து இறங்கும்போது அந்த வெல்டை நம்பியா இறங்குவது?

கோயமுத்தூரில் தெருவுக்கொரு லேத்து இருப்பது நமக்கு வரம்தான், தப்பான வேலைக்கும் அது கை நீட்டும். லேத்தில் என்ன செய்யலாம் என்றால், கிரவுன் ரேஸை (தண்டின் அடியில் உட்காரும் பேரிங் வளையம்) தட்டி இறக்க ஒரு குழாய் கடைந்துகொள்ளலாம், அலுமினிய வளையம் கடைந்துகொள்ளலாம். தண்டைப் பற்றவைத்து நீட்டுவது, வழவழத் தண்டில் புதிதாக மரை வெட்டுவது, வி பிரேக் ஃபோர்க்கில் டிஸ்க்குக்கு ஒரு தகடு ஒட்டுவது, இந்த மூன்றும் ஆகாது. மரை வெட்டினால் குழாயின் சுவர் மெலியும், வெடிப்பு அந்த மரையின் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கும். டிஸ்க் தகட்டின் கதை வேறு. டிஸ்க் பிரேக்கின் இழுப்பு முழுவதும் இடது காலின் கீழ்ப் பாகத்தில் விழும், வி பிரேக் ஃபோர்க்கின் கால் அதற்கென்று செய்ததல்ல.

இனி அதிகம் பேர் விட்டுவிடும் அளவு. சக்கர அச்சின் நடுவிலிருந்து கிரவுன் ரேஸ் உட்காரும் மேடை வரை உள்ள உயரம். 63 மில்லி அமுங்கும் 700 சி ஷாக் ஃபோர்க்குகளில் இது சாதாரணமாக 450 முதல் 470 மில்லி வரை இருக்கும். உங்களுடையது பாதியில் இறுகியிருப்பதால் இப்போது அளந்தால் குறைத்துக் காட்டும். முன்னே சொன்ன மாதிரி கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கு முழுக்க எழும்பின பிறகு அளங்க. ஒரு பேச்சுக்கு 460 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்க ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் தன் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பன்னிரண்டு பதிமூன்று மில்லி, தானாகவே இறங்கி நிற்கும். ஆக, அந்த ஃப்ரேம் உண்மையில் ஓடுவது 447, 448 மில்லி உயரத்தில். சாதா ஃபோர்க் வாங்கினால் இந்த உயரத்தை ஒட்டி, 435க்கும் 455க்கும் நடுவில் இருப்பதைத் தேடுங்க. ஷாக் இருந்த ஃப்ரேமுக்கென்றே உயரமாகச் செய்த சாதா ஃபோர்க்குகள் விற்கின்றன.

அதைப் பார்க்காமல் சாதா ஹைப்ரிடுக்கு வரும் 395 மில்லி ஃபோர்க்கைப் போட்டால் என்ன ஆகும்? முன்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். இருபது மில்லி மாறினால் ஹேண்டில் குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும் என்பது கணக்கு. 71 டிகிரியில் இருந்தது 73.5 ஆகிவிடும். ஹேண்டிலின் சாய்வுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. 45 மில்லி வளைவுள்ள (தண்டின் கோட்டுக்கு அச்சு அவ்வளவு முன்னால் நிற்கும்) ஃபோர்க்கில் அந்தத் தூரம் 72 மில்லியிலிருந்து 56க்கு இறங்கும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது வண்டி சுறுசுறுப்பாகிவிட்டது என்று தோன்றும். மலை இறக்கத்தில் ஹேண்டில் துறுதுறுவென்று இருக்கும், தும்மினால் கூடத் திரும்பும். பெடலும் தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் நெருங்கிவிடும், வளைவில் மிதித்தால் தரையில் தட்டும்.

எதிர்ப்பக்கம், 29 எம்டிபி ஃபோர்க் போன்ற 500 மில்லிக்காரரைப் போட்டால் முன்பக்கம் எழும்பி, ஹேண்டில் மந்தமாகி, ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். இதைவிடப் பெரிய கவலை ஃப்ரேம். நீண்ட கால் என்றால் நெம்புகோல் நீளம், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் ஹேண்டில் குழாய்ப் பற்றவைப்பில் அதிகமாக விழும். உங்க ஃப்ரேம் எத்தனை தாங்கும் என்பதைச் செய்த கம்பெனியைத் தவிர யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருச அலுமினியத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம். 10, 15 மில்லி ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க, ஓட்டுகிறவருக்கே தெரியாது. வளைவு அளவிலும் ஐந்து மில்லி வரை அப்படித்தான்.

ஹப்பு அளவு சுருக்கமாக. முன் ஹப்பின் அகலம் 100 மில்லி, அச்சு 9 மில்லி குவிக் ரிலீஸ், அல்லது நட்டுப் போட்டது. புது ஃபோர்க் 15 மில்லி துளை அச்சுக்கானது என்றால் உங்க சக்கரம் சேராது, சக்கரமே மாறணும். டிஸ்க் மட்டும் உள்ள ஃபோர்க்குக்கும் இதே கதை, ஹப்பில் டிஸ்க் மாட்ட இடம் இருக்கா என்று பார்த்துக்குங்க.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி, ஷாக்கா சாதாவா. என் கருத்து சாதா ஃபோர்க், உயரம் பொருத்தமாக. இந்த விலைக்கு வரும் ஸ்பிரிங்கு ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். ஒரு நல்ல குரோமோலி இரும்புச் சாதா ஃபோர்க் அதில் பாதியை ஒட்டித்தான். சென்னிமலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஷாக் அமுங்கி அமுங்கி எழும், உங்க கால் பலத்தில் ஒரு பங்கை அது தின்னும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்துப் பல்லடம் ரோட்டில் மிதித்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. பராமரிப்பும் பாருங்க. அடிக்கடி கழற்றி கிரீஸ் போடவில்லை என்றால் இன்னும் சில வருசத்தில் இதே கேள்வியோடு வருவீங்க.

அதிர்வுக்கு என்ன வழி என்பீங்க. அதை டயர்தான் வாங்கணும். இப்போது இருக்கும் 38 டயரில் காற்றை எவ்வளவு வைத்திருக்கீங்க? கடையில் கல்லு மாதிரி அடித்துவிடுவார்கள். எழுபது கிலோ ஆளுக்கு 38 டயரில் 50 பிஎஸ்ஐ போதும். ஃபோர்க்கும் ஃப்ரேமும் இடம் கொடுத்தால் 40, 42 டயர் போட்டு இன்னும் குறைக்கலாம். ரோடெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிய மேடு பள்ளமாக இருக்கும்போது, இந்த விலை ஸ்பிரிங்கு செய்வதில் பெரும்பங்கை டயரே செய்துவிடும். ஆனால் மணிக்கட்டிலோ தோளிலோ ஏற்கெனவே வலி உள்ளவர், பழுதான மண் ரோட்டில் தினமும் போகிறவர் என்றால் ஷாக்கே வாங்கட்டும். அவர்களுக்கு வேண்டியது 700 சி, 63 மில்லி, வி பிரேக் குமிழோடு, 28.6 நேர்த் தண்டு. சன்டூர் நெக்ஸ் வரிசை ஹைப்ரிடுக்கென்றே செய்தது, அதை முதலில் விசாரிங்க. வாங்கும்போது குமிழ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்க, ஒரே பேரில் டிஸ்க் மட்டும் உள்ளதும் வரும்.

சாதா ஃபோர்க்கில் இரும்பா அலுமினியமா என்றால் எனக்கு இரும்பு. வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், திடீரென்று விட்டுவிடாது. அலுமினியம் இலகுவானது, சரியான கம்பெனி என்றால் அதுவும் குற்றமில்லை. கார்பன் உங்க வண்டிக்குத் தேவையில்லை. பழைய கார்பன் ஃபோர்க் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், உள்ளே விட்ட வெடிப்பு வெளியே தெரியாது.

லூதியானா சரக்கு, இம்போர்ட்டு சரக்கு என்று கடையில் பேச்சு ஓடும், அதற்குள் போகாதீங்க. பழைய ஃபோர்க்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தண்டு, உயரம், குமிழ், அச்சு வாய் நான்கையும் ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்க. ஃபோர்க், ஹெட்செட், கூலி எல்லாம் சேர்ந்து வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் ஒருமுறை யோசிங்க. ஃப்ரேம் உங்க உடம்புக்குச் சரியாக அமைந்த வண்டி என்றால் நான் அதற்கு மேலும் செலவு செய்வேன்.

மாட்டும்போது பழைய கிரவுன் ரேஸை எடுத்துப் புது ஃபோர்க்கில் இறக்குவதாக இருந்தால், 28.6 தண்டுக்கு அந்த மேடை 30 மில்லி இருக்கணும். உளியால் ஒரு பக்கமாகத் தட்டாமல், குழாய் வைத்துச் சுற்றிலும் சமமாக இறக்கணும். தலை மூடியின் போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, ஹேண்டில் தன் கனத்திலேயே இரண்டு பக்கமும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்டெம் பக்க போல்ட்டுகளை 5, 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. பல கடைகளில் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு பேரிங் சரியில்லை என்பார்கள். புதிதாக மாட்டின ரேஸ் கொஞ்சம் அமர்ந்து ஆட்டம் கொடுக்கும். ஒரு வாரம் சிப்காட் போய்வந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, அதற்கப்புறம் மலைக்குப் போங்க.